முழுப் பட்டியலுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்: முதியோருக்கு மருந்து எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும், புறநோயாளிப் பிரிவுகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். நீங்கள் எழுதும் சீட்டு கடைசியாக வந்து சேரும் இடத்தில் நிற்பவள். இதய மருத்துவர் எழுதியது, சர்க்கரைக்கு எழுதியது, மூட்டு வலிக்கு வேறொருவர் எழுதியது, போன வருடம் யாரோ எழுதி இன்றுவரை தொடர்வது என்று எல்லாச் சீட்டும் ஒரே நடுங்கும் கையிலிருந்து என்னிடம் வருகின்றன. உங்களில் ஒவ்வொருவரும் அவரவர் எழுதியதை மட்டும் பார்க்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது, ஆனால் ஒன்றையும் மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, சேர்த்துப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் வயதானவர்களுக்குக் கெடுதல் நடக்கிறது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து வயதைத் தாண்டி, தினமும் ஐந்தோ அதற்கு மேலோ மருந்து சாப்பிடும் ஒவ்வொருவருக்கும், அந்த முழுப் பட்டியலுக்கும் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். எந்த மருந்தை யார் எழுதினாலும் சரி, இவை எல்லாம் இந்த உடம்புக்கு இப்போது தேவைதானா, ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒருவர். அவர் பொது மருத்துவராக இருக்கலாம், முதியோர் மருத்துவராக இருக்கலாம், அந்த நோயாளியை அதிகம் பார்க்கும் வேறு மருத்துவராகவும் இருக்கலாம். அது யார் என்பது நோயாளிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கைக்கு வரும் சீட்டுகளில் அப்படி ஒரு பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குக் காவல் அதிகம். நர்ஸ் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறார், கட்டிலருகே அட்டவணை இருக்கிறது, தலைசுற்றினால் உடனே பிரஷர் பார்க்க ஆள் வருகிறார். புறநோயாளிக்கு இது எதுவும் கிடையாது. சில நிமிடம் உங்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறார். அடுத்த ஒரு மாதமோ மூன்று மாதமோ அந்த மருந்துகள் அவர் உடம்பில் என்ன செய்கின்றன என்று பார்ப்பவர் யாரும் இல்லை. புதிதாகத் தொடங்கிய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால்கூட, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்.

பெரியவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, மறந்துவிடுகிறார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் கெடுதலின் பெரும்பங்கு அங்கிருந்து வருவதில்லை. முதியோர் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி குர்விட்ஸும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் புறநோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற முதியோர் 27,600-க்கும் மேற்பட்டவர்களை ஓராண்டு கவனித்து, 2003-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். மருந்தால் வந்த கெடுதல்களில் கால்வாசிக்கும் மேல் தடுத்திருக்கக் கூடியவை. கடுமையானவை, உயிருக்கு ஆபத்தானவை, உயிரைப் பறித்தவை என்று மட்டும் எடுத்துப் பார்த்தால் அவற்றில் தடுத்திருக்கக் கூடியவை 42 சதவீதம். தடுத்திருக்கக் கூடியவற்றில் தவறு எங்கே நடந்தது என்றும் பார்த்தார்கள். மருந்து எழுதும் கட்டத்தில் 58 சதவீதம், எழுதிய பிறகு கண்காணிக்கும் கட்டத்தில் 61 சதவீதம். நோயாளி சொன்னபடி சாப்பிடாததால் வந்தது 21 சதவீதம். ஒரே சம்பவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் தவறு இருக்கலாம் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். எப்படிக் கூட்டினாலும், எழுதுவதும் கண்காணிப்பதும் நம் பக்கத்து வேலைகள்.

எந்த மருந்துகளில் கவனம் வைக்க வேண்டும் என்பதும் தெரியாத விஷயம் இல்லை. மருந்தின் கெடுதலால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அமெரிக்க முதியோரைப் பற்றி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்றில் இரண்டு பங்கு அனுமதிகளுக்கு நான்கே வகை மருந்துகள் காரணமாக இருந்தன: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின், குளோபிடோக்ரெல் போல ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள். இவற்றில் எதுவும் விசித்திரமான மருந்து இல்லை. எல்லாம் தினமும் என் கை வழியே போகிறவை. பெரும்பாலானவர்களுக்கு அவசியமானவையும்கூட. நல்ல மருந்துதான், கண்காணிப்பில்லாமல் ஓடும்போது ஆபத்தாகிறது.

கண்காணிப்பு என்றதும் சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் நழுவிப்போவது அதுதான். பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் 1.1 என்று இருக்கிறது. பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை, "நார்மல்" என்று எல்லாரும் கடந்துபோகிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியேற்றுகிறது. வயதாக ஆக தசை கரைகிறது, அதனால் சிறுநீரகம் பாதி வேலை செய்யும்போதும் அந்த எண் ஏறுவதில்லை. வயதையும் எடையையும் சேர்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும், 1976-லிருந்து புழக்கத்தில் இருக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். எழுபது கிலோ எடையுள்ள முப்பது வயது ஆணுக்கு 1.1 என்றால் நிமிடத்துக்கு 97 மில்லி வடிகட்டுகிறது என்று வரும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்கு அதே 1.1 என்றால் 28 தான் வருகிறது. அறிக்கையில் இரண்டு பேரும் நார்மல். இதயத்துக்கான டிகாக்சினையோ நரம்பு வலிக்கான காபாபென்டினையோ இருவருக்கும் ஒரே அளவில் எழுதினால் அந்தப் பாட்டியின் ரத்தத்தில் மருந்து தேங்கிக்கொண்டே போகும். கணக்குப் போட அரை நிமிடம் போதும், ஆனால் அதற்கு எடை தெரிய வேண்டும். சீட்டில் நோயாளியின் எடை இருந்தால், நீங்கள் தவறவிட்டாலும் நான் பிடித்துவிடுவேன். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே வருகிறது.

சிறுநீரகம் மட்டும் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் டயசிபாம் போன்ற மருந்துகள் வெளியேற நாள்கணக்கில் ஆகின்றன. இரவு தூக்கத்துக்குச் சாப்பிட்டது மறுநாள் மதியம் மாடிப்படியில் காலை இடறவைக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமைன் ஒரு இளைஞருக்குத் தூக்கம் வரவைக்கும், அவ்வளவுதான். எண்பது வயதுக்காரருக்கு அது மனக்குழப்பத்தையும் மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரலாம். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு சாப்பிடும் முதியவர் ஒருவேளை சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை இறங்கி, மணிக்கணக்கில் ஏறாமலே கிடக்கும். இவற்றை எல்லாம் நீங்கள் படித்திருக்கிறீர்கள், உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் இவை நினைவுக்கு வருகிற மாதிரி ஏற்பாடு இல்லை என்பதே என் ஆதங்கம்.

அப்புறம், மருந்துக்கு மருந்து. பவுலா ரோஷனும் குர்விட்ஸும் தொண்ணூறுகளில் விவரித்த இந்தச் சங்கிலியை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் எழுதப்படுகிறது. சில வாரத்தில் கணுக்கால் வீங்குகிறது. அது அம்லோடிபினின் பக்கவிளைவு என்று யாருக்கும் தோன்றாமல், நீர் பிரிய ஃபுரோசமைடு சேர்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, அதற்கு ஒரு மாத்திரை. தூக்கம் கெடுகிறது, அதற்கு ஒரு மாத்திரை. ஒரு நாள் இருட்டில் எழும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தடுமாறி விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. ஒவ்வொரு மாத்திரையையும் எழுதியவர் அன்று தன் முன்னால் சொல்லப்பட்ட தொந்தரவுக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார். தனித்தனியாக யாரையும் குறைசொல்ல முடியாது. முதல் வீக்கம் வந்த அன்று, "சமீபத்தில் என்ன மருந்து புதிதாகத் தொடங்கினீர்கள்?" என்ற ஒரு கேள்வி விழுந்திருந்தால் மீதி எதுவும் நடந்திருக்காது. வாந்திக்கு நீண்ட நாள் மெட்டோகுளோபிரமைடு சாப்பிட்டுக் கை நடுங்க, அதைப் பார்க்கின்சன் நோய் என்று எண்ணி லெவோடோபா தொடங்குவதும், மறதிக்கு டோனெபெசில் கொடுத்துச் சிறுநீர் அடங்காமல் போக, அதை நிறுத்த மறதியை மேலும் கூட்டும் மருந்தைச் சேர்ப்பதும் இதே வகைதான். முதியவர் புதிதாக ஒரு தொந்தரவு சொன்னால், வேறு காரணம் தெளிவாகும்வரை முதல் சந்தேகம் மருந்தின் மேல் விழட்டும்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியவர். தலைசுற்றல் தாங்கவில்லை, "மறுபடியும் டாக்டரைப் பார்க்கணுமா?" என்று கேட்க வந்தார். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னேன். மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். பாதி வெட்டிய அட்டைகள், அதில் மருந்தின் பெயர் இருந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. காலாவதியான சொட்டு மருந்து. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக்குள் நீல நிற அட்டை, இன்னொரு கட்டுக்குள் வெள்ளை அட்டை. இரண்டும் பிரஷரையும் இதயத் துடிப்பையும் குறைக்கும் மெட்டோபிரோலால். மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் சாப்பிட்டது ஒரு கம்பெனிப் பெயரில், அங்கே எழுதிக்கொடுத்தது இன்னொரு கம்பெனிப் பெயரில். பழையதை நிறுத்துங்கள் என்று வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் எங்கும் இல்லை. பெட்டி வேறு, நிறம் வேறு, பெயர் வேறு என்றால் வேறு மருந்து என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நாடித்துடிப்பு ஐம்பதுக்குக் கீழே இருந்தது. அன்றே அவருடைய மருத்துவரிடம் பேசி ஒன்றை நிறுத்த முடிந்தது, பிழைத்தார். அந்தப் பையை யாரும் கவிழ்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால், தலைசுற்றலுக்கும் ஒரு மாத்திரை சேர்ந்திருக்கும்.

இது ஒரு இடத்தின் கதை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துகளால் கெடுதல் நேராமல் தடுக்கும் முயற்சியைத் தொடங்கியபோது மூன்று இடங்களை முன்னுரிமையாகக் குறித்தது: ஆபத்து அதிகமான சூழல்கள், ஒருவரே பல மருந்துகள் சாப்பிடுவது, சிகிச்சை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் நேரம். அந்தப் பெரியவர் மூன்றிலும் நின்றுகொண்டிருந்தார்.

பட்டியலைத் தயாரிப்பதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "வேற ஒன்னும் இல்ல" என்றுதான் பதில் வரும். பெரியவர்களுக்கு மருந்து என்றால் டாக்டர் எழுதியது. வலிக்குத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதும், கண்ணில் விடும் சொட்டும், முழங்காலில் தடவும் களிம்பும், மூலிகைச் சூரணமும் அந்தக் கணக்கில் வராது. தனித்தனியாகக் கேட்க வேண்டும். வலி வந்தால் என்ன போடுவீர்கள்? தூக்கம் வராவிட்டால்? மலம் போகாவிட்டால்? கண்ணுக்கு, மூச்சுக்கு, தோலுக்கு ஏதாவது? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது? இப்படிக் கேட்கும்போதுதான், பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் மூட்டு வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் போடுவது தெரியவரும். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பது உங்களுக்கே தெரியும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இறுக்கும். ஆனாலும் மருந்துப் பட்டியலில் அந்தச் சொட்டைப் பார்ப்பது அரிது.

நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே கேட்டது எதுவும் மருத்துவரின் நல்லெண்ணத்தால் மட்டும் நடக்காது. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது பத்து மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மருந்துச் சீராய்வுக்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது, மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில நாட்களுக்குள் கட்டாயமாக. அந்த நேரத்தில் நோயாளி பையோடு வரட்டும், வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் கூட வரட்டும். அதை மருத்துவரின் வேலை நேரமாகவே கணக்கில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்தார் என்பதை மட்டும் அளந்துகொண்டிருந்தால், எழுதிக் கூட்டுவது எளிதாகவும் யோசித்துக் குறைப்பது கடினமாகவுமே இருக்கும்.

கணினியை நம்பி விட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து எச்சரிக்கை வந்தால் பதினோராவதைப் படிக்காமலே மூடத்தான் தோன்றும். எச்சரிக்கையைக் குறைத்து, உண்மையில் ஆபத்தான சிலவற்றுக்கு மட்டும் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் அதற்கு நல்ல உதாரணம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மருந்து அது. தினமும் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிழமையின் பெயர் இல்லாமல் அந்தச் சீட்டை அச்சிடவே கணினி மறுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 72 பொது மருத்துவ நிலையங்களில் நடத்தி 2012-ல் வெளியிட்ட பின்சர் ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று. கணினியில் தேடி ஆபத்தான சீட்டுகளின் பட்டியலை எடுத்தார்கள். ஒரு பாதி நிலையங்களுக்குப் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு மருந்தாளுநரே நேரில் போய் மருத்துவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உதவினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்தாளுநர் போன இடங்களில் பிழைகள் தெளிவாகக் குறைந்திருந்தன. வயிற்றுப் புண் வந்தவருக்குப் பாதுகாப்பு மருந்தில்லாமல் வலி மாத்திரை, ஆஸ்துமா உள்ளவருக்கு மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், எழுபத்தைந்து வயது தாண்டியவருக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடரும் நீர் மாத்திரை என்று மிகச் சாதாரணமான பிழைகள்தான். எங்களைக் கவுன்டருக்குப் பின்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் உங்கள் ஓ.பி. அறையில் ஒரு நாற்காலி கொடுங்கள்.

நிறுத்துவதைப் பற்றியும் பேச வேண்டும். தொடங்குவதற்கு வழிகாட்டி நூல்கள் நிறைய. நிறுத்துவதற்குத் தயக்கம் அதிகம், அதிலும் இன்னொருவர் எழுதியதை நிறுத்தத் தயக்கம் இன்னும் அதிகம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைக் குறிக்கும் பியர்ஸ் பட்டியல் 1991-லிருந்து இருக்கிறது, 2023-லும் அதைப் புதுப்பித்தார்கள். அயர்லாந்தில் உருவான ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியல் எதை விட வேண்டும் என்பதோடு, தேவையிருந்தும் எழுதாமல் விட்டது எது என்றும் சொல்கிறது. அது முக்கியம். எலும்பு முறிந்தவருக்கு எலும்பைப் பலப்படுத்தும் மருந்து எழுதப்படாமல் போவதும் கெடுதல்தான். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது நோக்கமாகிவிடக் கூடாது.

நோயாளிகள் நிறுத்த ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல காலமாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டுவந்த முதியோருக்கு, அதன் ஆபத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் முறையையும் எளிய மொழியில் விளக்கும் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம் பேர்தான். எம்பவர் என்ற பெயரில் 2014-ல் வெளியான ஆய்வு இது. மரியாதையாக எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்த மடலை நோயாளிகளும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை: தூக்க மாத்திரை, பீட்டா பிளாக்கர், வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

சீட்டு எழுதும்போது ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று ஒரு சொல் எழுதுங்கள். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, வலிக்கு, இது போதும். அடுத்து எழுதுபவருக்கும் எனக்கும் நோயாளிக்கும் அது பெரிய உதவி. எவ்வளவு நாளைக்கு என்றும் எழுதுங்கள். வயிற்று எரிச்சலுக்கு எட்டு வாரம் என்று தொடங்கிய மாத்திரை முடிவுத் தேதி இல்லாததால் எட்டு வருடம் ஓடுவதைப் பார்க்கிறேன். "அதே மருந்தைத் தொடரவும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதே எது என்று யாருக்கும் தெரியாது. லேபிள் எழுத்தைப் பெரிதாக்குவது எங்கள் வேலை, அதை நாங்கள் செய்கிறோம். விளக்கிய பிறகு "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதை எல்லாம் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது தெரியும். அடுத்த வாரத்து ஓ.பி.யில் எண்பது வயது தாண்டியவர்களிலிருந்து தொடங்குங்கள், நாளுக்கு ஒரே ஒருவர் போதும். அதற்கு முந்தின நாளே தொலைபேசியில் அழைத்து, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எடை பாருங்கள், சிறுநீரகக் கணக்கைப் போடுங்கள், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பாருங்கள். முழுப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டு அவர் கையில் கொடுங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு வேறொருவர் எழுதிய சீட்டு வந்தால், மருந்தை எடுப்பதற்கு முன்னால் உங்களைக் கூப்பிடுகிறேன். நோயாளி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அந்த அழைப்பை எடுங்கள்.

இப்படிக்கு,
மருந்து வழங்கும் இடத்திலிருந்து ஒரு மருந்தாளுநர்